பிள்ளையார் கேசட்டும் காணாமல் போன அணிலும்

எழுதப் படிக்கத் தெரியாத என்னைப் போய் வேலை அனுபவம் எழுதச் சொன்னவள் ரேவதி. இப்போது அவள் பெரிய ஆபீசில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு, டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கீபோர்டு மிஷின் மேல் ஒரே ஆசையாம். அந்த மிஷின் இப்போது கடையில் கிடைப்பதில்லை. அதனால் தங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே அதைப் போல ஒன்றை ஓடவிட்டு, அதற்குப் புரோகிராம் எழுதிப் பார்க்கிறார்களாம். சம்பளத்துக்கு இல்லை, சந்தோஷத்துக்கு. அப்போதெல்லாம் இதை யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கன்னியம்மா அக்கா என்று என் பேரைச் சொல்லிவிட்டாள்.

நான் சொல்கிறேன், ரேவதி எழுதுகிறாள். நான் பேசுவதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றி எழுது, அன்றைக்கு நாங்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ராயபுரத்துப் பேச்சில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. வெளியே போகும்போது நல்ல புடவை கட்டுகிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்தினார்களே, அப்படி ஒன்றும் நிற்காமல் போன பிறகு நான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன்னால் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டு. ஐஸில் கிடக்கிற இறாலை நின்றுகொண்டே உரிக்க வேண்டும். விரல் நுனி எல்லாம் புண்ணாகி, குழம்பைத் தொட்டால் எரியும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் இந்தக் கதை முழுக்க அந்த ஷெட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்மண்டபம் பக்கம் ஒரு சந்து. கீழே ஐஸ் உடைக்கிற கடை, மேலே எங்கள் பட்டறை. முதலாளி தயாளன் சார். எண்ணூரில் ஏதோ ஃபாக்டரியில் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவர். நான் கூட்டிப் பெருக்கவும் டீ போடவும் சேர்ந்தேன். ரேவதி வியாசர்பாடிப் பெண். அப்போதுதான் படிப்பு முடித்திருந்தாள். துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் கட்டிவிட்டு உட்கார்ந்தால், டீ ஆறி ஏடு படிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அவர்கள் செய்தது கேசட்டு. பாட்டு கேசட்டு இல்லை. உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு சிப்பு. அதை மிஷினில் சொருகினால் டிவியில் படம் வரும், பிள்ளைகள் விளையாடிக்கொண்டே எழுத்து கற்கலாம். அந்தச் சிப்புக்குள் போகிற புரோகிராமை ரேவதி அசெம்பிளி என்கிற முறையில் எழுதினாள். வரிக்கு ஒரு கட்டளை, அதுவும் பொடிக் கட்டளை. இதை எடு, அங்கே வை, ஒன்று கூட்டு, திரும்பிப் போ. ஒரு அணில் ஒரு கிளை ஏறுவதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவாள். பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

"இன்னா ரேவதி, அணிலு ஏறத்துக்கு இவ்ளோ சொல்லணுமா? அதுக்கே தெரியாதா?"

"இதுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. நீ நில்லுன்னு சொன்னாதான் நிக்கும். சொல்லலன்னா இன்னா பண்ணும்னு கடவுளுக்கே தெரியாது."

அவள் அன்றைக்குச் சும்மா சொன்ன இந்தப் பேச்சு பின்னால் அவளையே பிடித்துக்கொண்டது.

எனக்கு ரொம்ப நாள் குழப்பமாக இருந்த விஷயம் இன்னொன்று. ரேவதி எழுதினதை முதலில் மிஷினில் போட மாட்டாள். பெரிய கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்த மிஷின் மாதிரி ஒன்று ஓடும். அதற்கு எமுலேட்டர் என்று பேர். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் எப்படிப் போகும், அதற்குள் டிவி எப்படிப் போகும் என்று கேட்டேன்.

"சினிமால டூப்பு போடுவாங்கல்ல கன்னியம்மா, அந்த மாதிரி" என்றார் சார். "ஹீரோவ கூரையிலேர்ந்து குதிக்கச் சொல்ல முடியாது. டூப்ப குதிக்கச் சொல்லலாம். நடுவுல நில்லுன்னா நிப்பான். பாக்கெட்ட காட்டுன்னா காட்டுவான்."

அது புரிந்தது. ரேவதி டூப்பை ஒவ்வொரு அடியாக நடக்கவிட்டு, நிறுத்தி, அதன் பெட்டிகளைத் திறந்து பார்ப்பாள். மிஷினின் ஞாபகம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளாம், ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணாம். டூப்பு ஒழுங்காக நடந்த பிறகுதான் சிப்பில் ஏற்றி நிஜ மிஷினில் போடுவார்கள். நிஜ மிஷினில் விளையாடுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

எப்படி என்றால், ரேவதி விளையாடினால் தப்பே வராது. எங்கே அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சாருக்கும் தெரியும். ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ அமுக்கு. இஷ்டத்துக்கு அமுக்கு" என்றார். இரண்டு கையாலும் அமுக்கினேன், டிவி அப்படியே உறைந்து நின்றது. உடைத்துவிட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டேன். சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மறுபடி காட்டு" என்றார்.

அன்றிலிருந்து கூட்டிப் பெருக்கின பிறகு விளையாடுவதுதான் என் வேலை. எழுத்து தெரியாவிட்டால் என்ன, டிவியில் வருகிற வடிவமும் கீபோர்டில் ஒட்டியிருக்கிற வடிவமும் ஒன்றா என்று பார்த்தால் போதும். உட்கார்ந்து, டீ குடித்து, விளையாடி, அதற்குச் சம்பளம். வீட்டில் சொன்னால் யாரும் நம்பவில்லை. பழைய ஷெட்டுக்காரிகள் என்னைச் சந்தையில் பார்த்தால், "இன்னாடி கன்னிம்மா, இன்னிக்கு எத்தினி அணில் உரிச்ச?" என்று கேட்பார்கள்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மணலி ஃபாக்டரிப் பக்கத்துக் காற்று திரும்பி நாற்றம் வந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார், அதுதான் அவருடைய கோபத்துக்கு எல்லை. எந்தத் தப்பைச் சொன்னாலும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பார்த்தது என்ன, நினைத்தது என்ன. "சார், மிஷின் சூடாகி நின்னுபோச்சு" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். நின்றது பார்த்தது, சூடானது நினைத்தது. பார்த்ததை மட்டும் சொல் என்பார். இந்தப் பழக்கத்தை வீட்டில் பேசிப் பார்த்தேன். என் மருமகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது பிள்ளையார் கேசட்டு. சார் தன் கையால் எழுதின முதல் கேசட்டு அது. போட்டதும் டிவியில் ஒரு பிள்ளையார் வருவார், பிறகு எண் சொல்லிக்கொடுக்கும். தினமும் காலையில் நான்தான் பட்டறையைத் திறப்பேன். தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரத்துணியால் மிஷினைத் துடைத்து, ஊதுவத்தி ஏற்றி, பிள்ளையார் கேசட்டைச் சொருகி, மிஷினைப் போட்டு, படம் வந்ததும் கற்பூரம் காட்டுவேன். நானாக ஆரம்பித்த வழக்கம் அது. சாரும் ஒத்துக்கொண்டார். நன்றாக ஓடுகிற கேசட்டை முதலில் போட்டால் மிஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அதற்குப் பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் மிஷினை அணைக்க மாட்டோம். கரண்டு வருகிற பின் லூசாக இருந்தது. ஒருமுறை அணைத்தால் மறுபடி படம் வருவதற்குள் அதை ஆட்டி ஆட்டிப் பேஜாராகிவிடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேசட்டைப் பிடுங்கி, அடுத்ததைச் சொருகி, அணைக்காமலே முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கிற சிவப்புப் பித்தானை ஒரு அமுக்கு. நடுவில் கரண்டு போய் வந்தாலும் முதலில் பிள்ளையார்தான்.

அணில் கேசட்டு வந்தது. ஒரு மரம், அடியில் ஒரு அணில். சரியான எழுத்தை அமுக்க அமுக்க ஏறும், உச்சியில் பழம். ரேவதி தனியாக எழுதின முதல் கேசட்டு. நான் எத்தனையோ தரம் விளையாடினேன், ஒரு குறை இல்லை. செல்லத்துரை அண்ணாச்சி என்று பாரிமுனையில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரி, பள்ளிக்கூட லீவில் விற்பதற்காகப் பெட்டி பெட்டியாகச் செய்யச் சொல்லியிருந்தார். முதலில் சில பெட்டிகளை அனுப்பினோம்.

கொஞ்ச நாளில் அண்ணாச்சியே மாடி ஏறி வந்தார், கையில் கேசட்டோடு.

"மரத்த மட்டும் வச்சுப் பிள்ளைவ என்ன செய்யும் சார்? அணில எங்க?"

சார் அவரை உட்காரச் சொல்லி, அந்தக் கேசட்டையே எங்கள் மிஷினில் சொருகச் சொன்னார். சொருகினேன். சிவப்புப் பித்தான். அணில் நின்றது, வாலை ஆட்டிக்கொண்டு.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் பொய்யா சொல்லுதேன்? வாங்கிட்டுப் போன ஆளுவ எல்லாம் கடை முன்னால வந்து நிக்கானுவ. எம் மவளே வீட்டுல அழுதா."

"எல்லா நேரமும் வரலியா, இல்ல சில நேரமா?" என்று கேட்டார் சார்.

"சில நாள் வருது, பல நாள் வரல. என்ன எழவுன்னு தெரியல."

மறுநாள் ரேவதி அவர் வீட்டுக்கே போனாள். பிள்ளைகள் எங்கள் பிள்ளையார் கேசட்டில் எண் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். பட்டறைப் பழக்கத்தில் அதைப் பிடுங்கி அணிலைச் சொருகி அமுக்கியிருக்கிறாள். அணில் நின்றது. அவள் இந்தப் பக்கம் இறங்கி வர, அந்தப் பக்கம் மாலையில் மறுபடி காணோம். அண்ணாச்சி போன் செய்தார். லீவு விடுவதற்குள் சரி செய்யவில்லை என்றால் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவாராம், எங்களோடு வியாபாரமே வேண்டாமாம். அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை. சார் போனை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்குக் காற்றே இல்லை.

நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். புண் எல்லாம் ஆறி, தோல் புதிதாக இருந்தது.

ரேவதி டூப்பை நடக்கவிட்டு நடக்கவிட்டுப் பார்த்தாள். அதில் அணில் எப்போதும் நின்றது. நிஜ மிஷினிலும் நின்றது. நின்றுகொண்டே எங்கள் பிழைப்பைக் கெடுத்தது. வீட்டில் விளக்குமாற்றை எடுத்து வைத்தால்கூட, இது எங்கள் வீட்டில் இருக்கிறதே, அண்ணாச்சி வீட்டில் இருக்குமா என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் அக்கா மகளுக்குக் காத்திவாக்கத்தில் சடங்கு. ஒருநாள் போயே ஆக வேண்டும். சாவியை ரேவதியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். மனசு கேட்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்த கையோடு பஸ் ஏறி, மத்தியானமே லட்டோடு பட்டறைக்கு வந்துவிட்டேன். சார் நின்றுகொண்டு சிரிக்கிறார். ரேவதி என் கையைப் பிடித்துச் சுற்றுகிறாள்.

"யக்கா, அணிலு காணாம போச்சுக்கா. நம்ம மிஷின்லயே காணாம போச்சு."

"அதுக்கு ஏன்டி சிரிக்கிற?"

"இங்கயே வந்துடுச்சுல்ல. இனிமே புடிச்சிடலாம்."

இவர்கள் இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன். லட்டைக் கொடுத்தேன், சாப்பிட்டார்கள். இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று சார் யோசித்துக்கொண்டே மென்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"கன்னியம்மா, இன்னிக்கு நீ இல்ல. அது ஒண்ணுதான் மாறியிருக்கு."

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் இரண்டு பேரும் வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் நான் என்ன செய்வேனோ அதை அப்படியே செய்ய வேண்டுமாம், அவர்கள் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். எப்படி நினைப்பது? துடைப்பத்தை எந்தக் கையில் பிடிக்கிறேன் என்று ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருந்தால் கை சொன்னபடி கேட்குமா? ஷெட்டில் இறாலைத் திருடுகிறோமா என்று மேஸ்திரி பார்ப்பான். அந்த நினைப்பு வந்துவிட்டது.

"நான் மிஷின ஒண்ணும் பண்ணல சார்."

"நீ பண்ணேன்னு யாரும் சொல்லல. நீ பண்றதால ஓடுது போலக் கீது. அது இன்னான்னு பாக்கணும்."

தண்ணீர், துடைப்பம், ஈரத்துணி, ஊதுவத்தி, பிள்ளையார், கற்பூரம். பிறகு அணில். நின்றது. மிஷினை அணைத்து, ஆறவிட்டு, டீ குடித்தோம். இரண்டாவது தரம் ஈரத்துணி இல்லாமல். நின்றது. மறுபடி அணைத்து, ஊதுவத்தி இல்லாமல். ரேவதிக்கு ஊதுவத்திப் புகை மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அதுவும் பொய்த்தது. இப்படி என் பூஜையைச் சாமான் சாமானாகக் கழற்றினார்கள். கடைசியில் பிள்ளையார் மட்டும் மிச்சம்.

"இப்ப புள்ளையார் இல்லாம போடு" என்றார் சார்.

"மாட்டேன் சார்."

"ஒரு தடவதான்."

"அவர உட்டுட்டு மிஷின போட மாட்டேன். வேணும்னா வேலைய உட்டு நிறுத்துங்க."

சொல்லிவிட்டேன். அந்த வேலைக்காகத்தானே இவ்வளவும். சார் கோபிக்கவில்லை. ரேவதியைப் போடச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டிவியில் மரம் மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா சார்? நான் சொல்லல?"

"கன்னியம்மா, பாத்தது இன்னா?"

"அணிலு இல்ல."

"நெனச்சது இன்னா?"

"புள்ளையாரு கோவிச்சிக்கினாரு."

"சரி. பாத்தத மட்டும் இப்ப வச்சிக்குவோம். நெனச்சத நீ வூட்டுக்கு எட்த்துனு போ."

பிறகு அவர் தன் பழைய பிள்ளையார் புரோகிராமை எடுத்து முதலிலிருந்து பார்த்தார். நிஜ மிஷினைப் போட்ட உடனே அதன் பெட்டிகளில் எல்லாம் குப்பை இருக்குமாம், அர்த்தமில்லாத எண்கள். அவர் அந்தக் காலத்து ஆள், ஆரம்பித்த உடனே எல்லாப் பெட்டியையும் பெருக்கிக் காலி செய்யச் சொல்லி எழுதியிருந்தார். ரேவதி அப்படி எழுதவில்லை. பிள்ளையார் பெருக்கின பிறகு மிஷினை அணைக்காமலே அணிலைப் போட்டதால், எங்களிடம் பெட்டிகள் காலியாகவே இருந்திருக்கின்றன. மரத்திலிருந்து அணில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அவள் ஒரு பெட்டி வைத்திருந்தாள். முதலில் அணில் மரத்துக்கு மரம் தாவுவதாக இருந்து, பிறகு அதை விட்டுவிட்டாளாம். பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள், அதில் எதையும் போடவும் இல்லை. அது காலியாக இருந்தால் அணில் மரத்தை ஒட்டி நிற்கும். குப்பை இருந்தால் அந்தக் குப்பை சொல்கிற தூரத்துக்குப் போய்விடும்.

"அப்ப அணிலு கீதா, இல்லியா?" என்று கேட்டேன்.

"கீதுக்கா. மரம் ராயபுரத்துல கீது, அணிலு திருவொத்தியூர்ல நின்னுகினு கீது. டிவில தெரியல, அவ்ளோதான்."

"டூப்பு ஏன் சொல்லல?"

"அது எப்பவும் குளிச்சிட்டுதான் வரும். எல்லாப் பெட்டியும் காலியா இருக்கும். எனக்குத் தோணவே இல்ல பாரு."

சார் டூப்பின் பெட்டிகளில் கையால் குப்பையைப் போட்டுவிட்டு ஓடவிட்டார். டூப்பிலும் அணில் காணாமல் போனது. ரேவதி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் பெருக்கியதைப் பார்த்துக்கொண்டே தினமும் உட்கார்ந்திருந்தவள், தான் பெருக்கவில்லை.

சில வரிகள்தான் சேர்த்தாள். அப்புறம் திரும்பி வந்த கேசட்டு, இன்னும் அனுப்பாத கேசட்டு எல்லாவற்றையும் பிரித்து, சிப்பின் கண்ணாடி மேல் ஒட்டிய தாளை உரித்து, உள்ளே எழுதினதை அழித்து, மறுபடி எழுதி மூடினோம். உரிக்கிற வேலை மட்டும் என்னுடையது. நகத்தைக் கொடுத்தால் ஒரே இழுப்பு. ஐஸ் இல்லை, நாற்றம் இல்லை, இன்னும் எத்தனை வேண்டுமானாலும் உரிப்பேன் என்று சொன்னேன்.

அண்ணாச்சி வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். நம் யார் கையும் மிஷினில் படக்கூடாது என்று சார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றபோதும் சொன்னார். அண்ணாச்சி மகள்தான் சொருகினாள். மிஷின் காலையிலிருந்து போடவே இல்லையாம், சில்லென்று கிடந்தது. போடப் போகும்போது அண்ணாச்சி, "இரு பிள்ள" என்று தடுத்து, கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். பிள்ளையாரை விட்டுவிட்டு வந்தால் இங்கே இவருடைய சாமி.

அவர் ஆமென் சொல்லி முடித்ததும் மகள் போட்டாள். மரம் வந்தது. அடியில் அணில்.

"அணைச்சுட்டுப் போடு" என்றார் அண்ணாச்சி. ஜெபம் இல்லாமல் போட்டாள். நின்றது. மறுபடி. நின்றது. அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "லீவுக்கு முன்னால மிச்சப் பெட்டி கடைக்கு வந்துரணும், பாத்துக்கிடுங்க" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் சிரித்துக்கொண்டே வந்தேனாம், ரேவதி சொல்கிறாள்.

இறங்கும்போது சார் ஒரு உத்தரவு போட்டார். நாளையிலிருந்து காலையில் புதுக் கேசட்டைத்தான் முதலில் போட வேண்டும், ஆறிக் கிடக்கிற மிஷினில். பிள்ளையார் அப்புறம்தான்.

மறுநாள் கதவைத் திறந்து, தெளித்து, பெருக்கி, துடைத்து, இரண்டு கையிலும் இரண்டு கேசட்டை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் கையில் சாமி, அந்தக் கையில் சம்பளம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கீழே ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் அணிலைச் சொருகிப் போட்டேன். பின்னை ஆட்டி ஆட்டிப் படம் வந்தது. மரத்தடியில் அணில் நின்று வாலை ஆட்டியது. கற்பூரத்தை ஏற்றி அதற்கே காட்டினேன்.

சார் படியேறி வந்து மோந்து பார்த்தார்.

"புள்ளையாரப் போட்டியா?"

"இல்ல சார். அணிலுதான்."

"நின்னுச்சா?"

"நின்னுது."

"பாத்ததா, நெனச்சதா?"

"பாத்தது சார்" என்றேன். அவர் குனிந்து, அணிலுக்குக் காட்டின கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தார்.